முதல் குயில்ட்டுக்குப் பருத்தித் துணி: கடையிலிருந்து பீரோ வரை

குயில்ட் என்று இன்று எல்லோரும் சொல்லும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, கீழே ஒரே துணியாலான அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் அவற்றை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தையலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை முதல் குயில்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் துணிதான். கோணல் தையலை முதல் சலவையில் விழும் சுருக்கம் ஓரளவு மறைத்துவிடும். சாயம் விட்ட துணியையோ, ஒரு துண்டு மட்டும் சுருங்கி அக்கம்பக்கத்தை இழுத்துக்கொண்டதையோ எதனாலும் மறைக்க முடியாது.

என் முதல் குயில்ட்டை அக்கா மகளுக்காகத் தைத்தேன். வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே, ஒரு கண்காட்சியில் வாங்கிய அரக்குச் சிவப்பு அச்சுத்துணி. ஆறு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து கையாலேயே தைத்து முடித்து, அலசிக் கொடுத்துவிடலாம் என்று ஒரே ஒரு முறை நீரில் நனைத்தேன். உள்ளே போய்த் திரும்பி வருவதற்குள் வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் பீட்ரூட் பொரியலைப் பிசைந்த சாதம்போல ஆகியிருந்தன. துணியை வாங்கி வந்த அன்றே அதன் மூலையில் ஒரு துண்டை வெட்டி ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: துணியை அதன் அழகுக்காக எடுப்பதற்கு முன், சலவைக்கு அது தாங்குமா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

எந்தத் துணி

அமெரிக்காவில் குயில்ட்டுக்கென்றே தனியாக ஒரு பருத்தித் துணி விற்கிறார்கள். அது சாதா நெசவுத் துணி. 44 அங்குல அகலம் கொண்டது. சதுர மீட்டருக்குச் சுமார் 130 முதல் 150 கிராம் எடை இருக்கும். அங்குலத்துக்கு நீளவாட்டில் ஓடும் பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடை இழையும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில், 60 முதல் 75 வரை இருக்கும். இதில் முக்கியமானது அந்தச் சம எண்ணிக்கை. பாவும் ஊடையும் ஒத்திருக்கும் துணி இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதால், சதுரமாக வெட்டியது தைத்த பிறகும் சதுரமாகவே நிற்கிறது. இந்தத் துணியை வரவழைத்து வாங்கலாம். ஆனால் முதல் குயில்ட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. நம் ஊர்த் துணிக்கடைகளிலேயே அதற்கு நெருக்கமானவை கிடைக்கின்றன.

கடையில் பெயர்களைக் கேட்டு மலைத்துப்போகாமல் இருக்க, நூலின் நம்பரைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள், அதாவது நூல்கற்றைகள், எத்தனை கிடைக்கின்றனவோ அதுவே அந்த நூலின் நம்பர். எனவே நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். 40 நம்பர் நூலைவிட 60 நம்பர் நூல் மெல்லியது. கேம்பிரிக் என்று விற்கப்படும் துணி பெரும்பாலும் 60 நம்பர் நூலில் நெய்யப்படுவது. தொட்டால் வழவழப்பாக, சதுர மீட்டருக்கு 80 கிராம் அளவில் இலேசாக இருக்கும். பாப்ளின் பெரும்பாலும் 40 நம்பர் நூலில் வருவதால் அதைவிடக் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். தொட்டுப் பார்த்தால் அமெரிக்கக் குயில்ட் துணிக்கு நெருங்கி வருவது பாப்ளின்தான் என்பதால், முதல் குயில்ட்டுக்கு நான் பாப்ளினையே பரிந்துரைப்பேன். பாவாடைக்கும் உள்சட்டைக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கும் அடுக்கில்தான் பெரும்பாலும் அது இருக்கும். வண்ணங்கள் எண்ணிலடங்காமல் கிடைக்கும்.

கேம்பிரிக்கை ஒதுக்கிவிடவும் முடியாது. ராஜஸ்தானின் சாங்கானேர், பக்ரு ஊர்களிலிருந்து வரும் மர அச்சுத் துணிகள் பலவும் கேம்பிரிக்கில்தான் அச்சிடப்படுகின்றன. அவற்றின் அழகை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. அவற்றைப் பயன்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெளிர்நிறக் கேம்பிரிக்கின் அடியில் அடர்நிறத் துணியின் தையல் ஓரம் மடிந்து கிடந்தால் மேலே நிழலடிக்கும். ஆகவே தையல் ஓரங்களை அடர்நிறத் துணியின் பக்கமாகவே மடித்துத் தேய்க்க வேண்டும். அடுத்து, ஒரே குயில்ட்டில் பாப்ளினையும் கேம்பிரிக்கையும் தாறுமாறாகக் கலக்காமல், ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது; ஏனெனில் கனமான துணி மெல்லிய துணியை நாளடைவில் இழுத்துக் கிழிக்கும்.

மல்மல் என்ற மிக மெல்லிய துணி அணிவதற்குச் சுகமானது. வெட்டித் தைப்பதற்குத் தொல்லையானது. இழைகள் இடம் நகர்வதால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். ரவிக்கைக்கு வாங்கும் டூ பை டூ ரூபியா, உண்மையிலேயே பருத்தியாக இருந்தால் உறுதியானது. அந்தப் பெயரில் கலப்புத் துணியும் விற்கப்படுவதால் சோதித்த பிறகே நம்ப வேண்டும். நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்புத் துணியில் கையால் தைப்பது விரலுக்குத் தண்டனை. ஊசி உள்ளே போகவே மறுக்கும். ஆனால் கரூர், சென்னிமலைப் பக்கத்திலிருந்து வரும் பருத்தி விரிப்புகளில் நெசவு சற்றுத் தளர்வாக இருப்பவற்றை, ஒட்டுப்போடாமல் அகலமாகக் கிடைக்கின்றன என்பதற்காக, பெரிய குயில்ட்டின் அடித்துணியாகப் பயன்படுத்தலாம்.

பழைய புடவைகளைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. வங்காளத்தின் காந்தா, மராட்டியத்தின் கோதடி, கர்நாடகத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி ஆகிய எல்லாமே உடுத்திப் பழகிய துணியிலிருந்து பிறந்தவைதான். பழைய பருத்திப் புடவைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: சுருங்க வேண்டியது சுருங்கி, விட வேண்டிய சாயத்தை விட்டு முடித்திருக்கும். இரு கட்டை விரல்களாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிசிறும் ஓசை கேட்டால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு முந்தானைக்கு அருகிலோ கொசுவத்தின் உட்பக்கத்திலோ தேய்மானம் குறைந்த இடத்தை எடுக்கலாம். நைந்த துணியைப் புதுத் துணியின் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நைந்ததே முதலில் கிழியும் என்பதால், பழையதைப் பழையதோடு சேர்ப்பதே பாதுகாப்பு.

கடையில் நின்று செய்ய வேண்டியவை

முதலில், துணியின் ஒரு மூலையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் துவைப்பதுபோல நன்றாகத் தேயுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ, தேய்த்த இடம் மட்டும் தொளதொளவென்று ஆனாலோ, நீங்கள் பார்த்த விறைப்பு கஞ்சியின் விறைப்பு என்று பொருள். முதல் சலவையில் அது கழன்றதும் துணி வலைபோல ஆகிவிடும். பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இழைகள் ஒரே சீராக இருக்கின்றனவா, இடைவெளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அச்சுத் துணியாக இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். நிறம் உள்ளே இறங்காமல் மேலே மட்டும் பூச்சாக நிற்கும் துணி மடிப்புகளில் சீக்கிரம் வெளுக்கும்.

அடுத்ததாக அச்சின் நேர்மை. கட்டமோ கோடோ உள்ள அச்சுத் துணியில், அந்தக் கோடு ஓரக்கரைக்கு (நெசவிலேயே முடிந்த நீளவாட்டு ஓரத்துக்கு) இணையாகப் போகிறதா என்று ஒரு மீட்டர் நீளத்துக்காவது பார்க்க வேண்டும். அச்சு சாய்ந்து விழுந்த துணியை இழை நேராக வெட்டினால் கோடு கோணலாகத் தெரியும். கோட்டை நேராக வெட்டினால் இழை கோணலாகி, தைத்த பின் துண்டு முறுக்கிக்கொள்ளும். எப்படி வெட்டினாலும் நட்டமே. நெய்த கட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. இழையே கோடாக இருப்பதால் வெட்டப் பழகுகிறவருக்கு அது நல்ல ஆசான்.

நிறத்தைக் கடையின் டியூப் லைட்டில் முடிவு செய்யாதீர்கள். அனுமதி கேட்டுத் துணிகளை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மயில் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குயில்ட்டில் உங்கள் வடிவம் எழுந்து நிற்காது. வெளிர், நடுத்தரம், அடர்வு என்று மூன்று அளவும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும். இந்த ஒரு தந்திரம் எனக்குப் பல வீண் கொள்முதல்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஒரே நிறத்தில் தேவையான முழு அளவையும் ஒரே நாளில், ஒரே பீஸிலிருந்து வாங்கிவிடுங்கள். அடுத்த லாட் வரும்போது அதே நம்பரில் அதே பச்சை ஒரு சாயல் மாறி வரும்.

எவ்வளவு வாங்குவது

தொட்டில் குழந்தைக்கான ஒரு சிறிய குயில்ட்டை எடுத்துக்கொள்வோம். முடிந்த அளவு 36 அங்குல அகலம், 48 அங்குல நீளம். தைத்து முடித்த பின் 4 அங்குலமாக நிற்கும் சதுரங்கள் அகலத்தில் 9, நீளத்தில் 12, ஆக 108. தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொரு சதுரத்தையும் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், ஓரக்கரையும் சுருக்கமும் போக ஏறத்தாழ 41 முதல் 42 அங்குலம் கையில் நிற்கும். அதில் ஒரு வரிசைக்கு 9 சதுரங்கள் கிடைக்கும். ஆறு வகைத் துணி எடுத்தால் ஒவ்வொன்றிலும் 18 சதுரங்கள், அதாவது இரண்டே வரிசை, 9 அங்குலம் போதும். ஓரத்தை நேராக்கவும் சுருங்கவும் சோதித்துப் பார்க்கவும் இடம் விட்டால் 40 சென்டிமீட்டர். பல கடைகளில் அரை மீட்டருக்குக் குறைவாக வெட்டித் தர மாட்டார்கள் என்பதால் அரை மீட்டராகவே வாங்கிக்கொள்ளலாம். மிச்சம் வீணாகாது, அதன் பயன் கடைசியில் வருகிறது.

அடித்துணி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக, 40க்கு 52 அங்குலம் வேண்டும். ஒன்றரை மீட்டர் போதும். சுற்று ஓரப் பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில், துணியின் குறுக்கே வெட்டிய ஐந்து பட்டிகள் தேவை; அதற்கு அரை மீட்டர். இந்த ஓரப் பட்டிதான் முதலில் தேயும் இடம் என்பதால், இருப்பதிலேயே நெருக்கமான நெசவுள்ள துணியை அதற்கென ஒதுக்குங்கள்.

நடுவில் வைக்கும் பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் உகந்தது. குயில்ட்டுக்குள் அது ஓரிடத்தில் நில்லாமல் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். தகடாகக் கிடைக்கும் பருத்திப் பஞ்சை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பழகிய மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றை நடுவில் வைக்கலாம். நம் வெயிலுக்கு அதுவே மேல்.

வீட்டுக்கு வந்ததும்: நெருப்பும் நீரும்

எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் கலியாணங்களிலும் நவராத்திரிக் கொலுவிலும் தாம்பூலத்தோடு வந்த பிளவுஸ் பிட்டுகள் ஓர் அடுக்கு இருக்கும். குயில்ட் தைக்கப் போகிறேன் என்று சொன்னதும் சித்தியும் அத்தையும் அவற்றைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அவற்றில் பாலியஸ்டர் கலந்தவை மிகுதி. பருத்தியைத் தேய்க்கும் சூட்டில் பாலியஸ்டர் சுருண்டுவிடும் என்பதால், இரண்டையும் ஒரே குயில்ட்டில் சேர்க்கக் கூடாது.

கண்டுபிடிக்கும் வழி எளியது. துணியின் பாவிலிருந்து நாலைந்து இழைகளையும் ஊடையிலிருந்து நாலைந்து இழைகளையும் தனித்தனியே உருவி, தனித்தனியாக முறுக்கிக்கொள்ளுங்கள். சில துணிகளில் ஒரு திசையில் பருத்தியும் மறு திசையில் பாலியஸ்டரும் ஓடும் என்பதால் இரண்டையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, எவர்சில்வர் தட்டின் மேலே இடுக்கியால் இழையைப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி உடனே பற்றி மஞ்சள் சுடராக எரியும். சுடர் அணைந்த பிறகும் நுனி சிவந்து கனிந்துகொண்டிருக்கும். காகிதம் எரிந்த வாசனை வரும். மிஞ்சும் சாம்பல் விரலில் தொட்டதும் திருநீறுபோலப் பொடியாகும். பாலியஸ்டர் நெருப்பு நெருங்கும் முன்பே பின்வாங்கிச் சுருளும், உருகிச் சொட்டும், ஆறியதும் கடுகளவு கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலுக்குள்ளே அந்த மணி நெருடும்.

இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடியது ரேயான். அதுவும் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்பதால் பருத்தியைப்போலவே எரியும். ஆனால் ஓர் இழையை நாக்கில் நனைத்து இழுத்தால் ரேயான் சட்டென்று அறும். பருத்தியோ நனைந்தால் இன்னும் உறுதியாகும். குர்த்திக்கென்று விற்கப்படும் மென்மையான அச்சுத்துணிகள் பலவும் இந்த ரேயான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாயம். ஒவ்வொரு துணியிலிருந்தும் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, தனித்தனிக் கண்ணாடி டம்ளரில், கை பொறுக்காத சூட்டு நீரில், ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவத்தோடு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நீர் தெளிவாக இருந்தாலும் அதோடு நிறுத்தாமல், ஈரத் துண்டைப் பழைய வெள்ளை வேட்டித் துணியின் மேல் வைத்துக் காயவிடுங்கள்; காய்ந்த பின் எடுத்தால் கீழே நிழல் விழுந்திருக்கிறதா என்று தெரியும். அவுரி நீலத்துக்கு மட்டும் இன்னொரு சோதனை வேண்டும். அவுரி நீரில் கரையாமல் இழையின் மேற்பரப்பில் தங்கும் இயல்புடையது; எனவே டம்ளரில் தெளிவாக நின்றுவிட்டு, உராய்வில் பக்கத்துத் துணிக்கு நீலத்தை ஏற்றும். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, முதலில் உலர்வாகவும் பிறகு ஈரமாகவும் இருபது முறை தேய்த்துப் பாருங்கள்.

சாயம் போகும் துணியைக் கல்லுப்பு நீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் நிறம் பிடித்துக்கொள்ளும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. உப்பு சாயப்பட்டறையில் சாயம் ஏற்றும்போது உதவும். ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை அது நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. அந்த மிச்சச் சாயத்தை வெந்நீரும் சோப்பும் கொண்டு வெளியேற்றுவது ஒன்றே வழி. நாலைந்து முறை அலசிய பிறகும் நீர் சிவக்கிறது என்றால் அந்தத் துணியைத் தலையணை உறையாக்கிக்கொள்ளுங்கள், குயில்ட்டில் சேர்க்காதீர்கள்.

சலவையில் நிற்கும் நிறம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சித்திரத் துணிகள் அங்கே படுக்கை விரிப்புகளாகவும் குயில்ட்டுகளாகவும் தைக்கப்பட்டன. படிகாரம் ஏற்றிய துணியில் சாயவேர் தந்த சிவப்பு எத்தனை துவைத்தாலும் நின்றதுதான் அவர்களை மயக்கியது. உள்ளூர்த் துணித் தொழில் படுத்துவிடும் என்று அஞ்சி, பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்திய அச்சுத் துணிகளுக்குத் தடையே விதித்திருந்தது. அதே கரையிலுள்ள நகரின் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் கட்டத்துணியின் கதை நேர்மாறானது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் அந்தத் துணி சலவையில் சாயம் விட்டபோது, சாயம் விடுவதே அதன் அழகு என்று விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்கள். சட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் பலிக்கலாம். வெள்ளைக் கட்டத்தோடு சேர்த்துத் தைத்த குயில்ட்டுக்குப் பலிக்காது.

வெட்டுவதற்கு முன் துவைப்பது

துவைக்காமலே வெட்டித் தைப்பவர்கள் உண்டு. புதுத் துணியின் விறைப்பு வெட்டுவதற்கு வசதி என்றும், முடித்த பின் முதல் சலவையில் எல்லாம் சேர்ந்து சுருங்கும்போது வரும் சுருக்கம் அழகு என்றும் அவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் எல்லாத் துணியும் ஒரே தரத்தில், ஒரே ஆலையிலிருந்து வந்தால்தான் அது சரிப்படும். நாம் ஒரு துண்டு பாப்ளின், ஒரு துண்டு பக்ரு, ஒரு துண்டு கைத்தறி என்று சேர்க்கிறோம். பருத்தி வழக்கமாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும் என்றாலும் எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆகவே நம் சந்தைத் துணிக்கு முன்சலவை கட்டாயம் என்பேன். சுருக்கத்தின் அழகு வேண்டுமென்றால் நடுப் பஞ்சுத் தகட்டை மட்டும் துவைக்காமல் வையுங்கள். அது பின்னால் சுருங்கி அந்த அழகைத் தந்துவிடும்.

துவைப்பதற்கு முன் வெட்டிய ஓரங்களில் ஒரு ஜிக்ஜாக் தையல் போடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் நான்கு மூலைகளையும் அரை அங்குலம் சாய்வாக வெட்டிவிட்டாலே பிசிறு வெகுவாகக் குறையும். நிறம் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் திரவ சோப்பு போட்டுத் துவைக்கலாம். கால் மீட்டருக்குக் குறைவான துண்டுகளை இயந்திரத்தில் போடாதீர்கள். இழைகள் பின்னிக்கொண்டு நூல்கண்டாகத்தான் வெளியே வரும். பிழியாமல் உதறி நிழலில் காயவைத்து, இலேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள்.

தேய்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டைக்குச் செய்வதுபோல இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் துணி மூலைவாட்டில் நீண்டு, வெட்டும் முன்பே அளவு கெடும்.

துவைத்த துணி தளர்ந்துவிட்டால் வெட்டுவதற்குக் கஞ்சி உதவும். ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியைக் கண்ணாடிபோல ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, இன்னொரு லிட்டர் நீர் கலந்து, அதில் துணியை முக்கி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கெட்டியாகப் போட்டால் இஸ்திரிச் சூட்டில் பழுப்பேறும்.

இழை பார்த்து வெட்டுவது

ஓரக்கரைக்கு இணையாக ஓடும் பாவு இழைதான் துணியில் மிகக் குறைவாக நீளும். குறுக்கே ஓடும் ஊடை சற்று நீளும். மூலைவாட்டு ரப்பர்போல இழுபடும். எனவே சதுரங்களின் பக்கங்கள் பாவுக்கோ ஊடைக்கோ இணையாக இருக்க வேண்டும். ஓரப் பட்டிக்கு உள்ளே மேல்துணியைச் சுற்றி நீளப் பட்டைகள் வைப்பதானால், அவற்றைப் பாவின் திசையில் வெட்டினால் ஓரம் அலையடிக்காது. வளைந்த ஓரங்களுக்கு மட்டுமே தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும், மூலைவாட்டில் வெட்டிய பட்டி தேவை.

நேர் ஓரத்தைக் கண்டுபிடிக்க, ஓரக்கரையில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, ஊடையிழை ஒன்றை ஊசி முனையால் கிளப்பி, மெதுவாக இழுங்கள். துணி அந்த இழையின் மேல் சுருக்கமாகக் கூடிக்கொண்டே போகும். சுருக்கத்தை விரலால் தள்ளிவிட்டபடியே இழுத்தால், இழை உருவிய இடத்தில் தலைவகிடுபோல ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல் வெட்டுங்கள். இழை நடுவில் அறுந்தால் அறுந்த இடம்வரை வெட்டிவிட்டு அடுத்த இழையைப் பிடித்துக்கொள்ளலாம். கிழித்தாலும் நேராகத்தான் வரும். ஆனால் கிழித்த ஓரத்தில் அரை அங்குலம்வரை இழைகள் நசுங்கியிருப்பதால் அதை வெட்டி நீக்க வேண்டியிருக்கும். ஓரக்கரையையும் இரு பக்கமும் அரை அங்குலம் வெட்டி நீக்குங்கள். அது நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் மற்ற இடத்தோடு ஒத்துச் சுருங்காது.

முடித்த பின் பராமரிப்பு

குயில்ட்டை அழுக்குத் தெரிந்தால் மட்டும் துவைத்தால் போதும். குளிர்ந்த நீர், மென்மையான திரவ சோப்பு, இயந்திரமானால் மெதுவான சுழற்சி. வெளுப்பான்களைத் தொடவே வேண்டாம். இயற்கைச் சாயத் துணிகள் சேர்ந்திருந்தால் காரமான சலவைத்தூளையும் தவிர்த்து, ஊறவைத்துக் கசக்கி வடித்த பூந்திக்கொட்டை நீரில் அலசுங்கள். நனைந்த குயில்ட்டின் எடை முழுவதும் தையலில்தான் இறங்கும்; அதை ஒரே கொடியில் தொங்கவிடாமல், இரண்டு மூன்று கொடிகளில் பரப்பியோ, கயிற்றுக் கட்டிலில் விரித்தோ, பின்பக்கம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடியின் உச்சி வெயில் ஈரத்தோடு நிறத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாயம் விட்டால், முதல் விதி அதைக் காயவிடாமலும் தேய்க்காமலும் இருப்பது. பெரிய தொட்டி நிறையச் சூடான நீரில், சுமார் 60 டிகிரி அளவில், திரவ சோப்பு கலந்து, குயில்ட் முழுவதும் தாராளமாக மூழ்கும்படி ஓர் இரவு ஊறவிட்டு, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். நீர் குறைவாக இருந்தால் விட்ட சாயம் திரும்பத் துணியிலேயே ஏறும். என் முதல் குயில்ட் நான்கு இரவுகள் ஊறி, பாதி மீண்டது. அக்கா மகள் இன்றும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறாள்.

எடுத்து வைக்கும்போது கஞ்சி முழுவதும் போயிருக்க வேண்டும். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் கஞ்சி விருந்து. தைக்காமல் வைத்திருக்கும் துணிகளுக்கும் இது பொருந்தும்: வெட்டும் நாளில்தான் கஞ்சி போட வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைத்துப் பூஞ்சணம் வளர்க்கும் என்பதால் பழைய பருத்தி உறையில் போடுங்கள். மரத்திலும் அட்டையிலும் இருந்து கசியும் அமிலம் நாளடைவில் பருத்தியைப் பழுப்பாக்கும். தட்டில் துவைத்த வேட்டி ஒன்றை விரித்துவிட்டு அதன் மேல் வையுங்கள். வேப்பிலையோ வசம்போ வைப்பதானால் சிறு துணி முடிச்சாகக் கட்டி வையுங்கள். நேராகத் தொட்டால் கறை படியும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விரித்து, மறுபடி மடிக்கும்போது பழைய மடிப்புக் கோட்டிலேயே மடிக்காமல், இரண்டாக மடித்திருந்ததை மூன்றாக மடியுங்கள். ஒரே கோட்டில் வருடக்கணக்காக மடிந்த இழை அங்கேதான் முதலில் அறும்.

அரை மீட்டரில் மிஞ்சிய துண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துணியிலும் கையகலத் துண்டு ஒன்றை எடுத்து, எல்லாவற்றையும் ஒரு நூலில் கோத்துத் தைத்து, குயில்ட்டைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோவையையும் கூடவே துவைத்து, கூடவே உலர்த்தி, உறைக்குள் கூடவே வையுங்கள். எட்டு வருடம் கழித்து ஒரு சதுரம் கிழிந்து ஒட்டுப்போட வேண்டி வரும்போது, அதே அளவுக்கு வெளுத்த, அதே அளவுக்கு மென்மையான துண்டு உங்கள் கையில் இருக்கும்.